பழைய ஷாஸ்டாவின் ஓரப்பட்டைகள்

1960களின் ஷாஸ்டா டிரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அமெரிக்க வீட்டு வண்டி. பின்னால் சின்னதாக இரண்டு இறக்கை வைத்திருக்குமே, அதேதான். இந்த வாரக் கடைசியும் அதன் மூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டைகளோடுதான் போகிறது.

பட்டையில் செருகியிருக்கும் வினைல் நாடாவை உருவினால் வரிசையாகத் துருப்பிடித்த திருகுகள். சில மட்டும் திரும்பும், மற்றவை தலை முறிந்து கையோடு வரும். அடியில் இடுக்கை அடைக்கப் பூசிய அந்தக் காலத்துப் புட்டிப் பசை காய்ந்து பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. மழைத் தண்ணீர் இறங்கிய வழி இதுதான். வெளியே தகடு பளபள, உள்ளே மரச் சட்டம் விரலால் அழுத்தினாலே நொறுங்குகிறது. மரத்தை மாற்றாமல் பட்டையை மட்டும் திரும்பப் பூட்டினால் புதுத் திருகு எதைப் பிடித்து நிற்கும்?

கழற்றும்போது இன்னொரு ஆள் வேண்டும். நீளப் பட்டை ஒரு தடவை மடங்கினால் அந்த மடிப்பு லேசில் போகாது. ஒவ்வொன்றிலும் "இடது, முன்பக்கம்" என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

திரும்ப மாட்ட ப்யூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பசை நாடா), துருப்பிடிக்காத எஃகுத் திருகு. சிலிக்கோன் பசை பக்கமே போகாதீர்கள். அடுத்து கழற்றுபவர் சாபம் விடுவார். திருகுகளைக் கையால்தான் இறுக்குகிறேன். ட்ரில்லுக்கு அவசரம் அதிகம், மரத்தில் துளை பெரிதாகிவிடும். வெயிலில் டேப் இளகிப் பிதுங்கியதும் இன்னொரு சுற்று இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வழித்துவிட வேண்டும்.

அப்புறம்தான் வினைல் நாடா. அது சுருங்கும் ரகம், ஓர் அங்குலமாவது கூடுதலாக விட்டு வெட்டணும். வெள்ளையா கறுப்பா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.