கடற்பாலத்தின் இரு கரைக் கணக்கு

2025 அக்டோபர் 6, திங்கள்

இரவு சாப்பிடும்போது தம்பி கேட்டான்: "அக்கா, நானும் சிங்கப்பூருக்கே வேலைக்கு வந்துவிடட்டுமா?" நாங்கள் இருப்பது பாலத்தின் இந்தக் கரையில், மலேசியாவின் ஜொகூரில். இங்கே பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவனுக்குச் சம்பளம் 2,600 ரிங்கிட். நான் தினமும் பாலம் தாண்டிப் போகிற சிங்கப்பூரில் எனக்கு 2,400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இன்று ஒரு வெள்ளி 3.25 ரிங்கிட் என்று மாற்றினேன், 7,800 ரிங்கிட். சரியாக மூன்று மடங்கு. ஆனாலும் "வா" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் பொறு, கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதலில் வருமான வரி. சிங்கப்பூரில் ஆண்டு வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு. கழிவு போக எனக்கு வருவது ஆண்டு முழுவதற்கும் 156 வெள்ளி. மலேசியாவில் தம்பிக்குக் கழிவுகள் போக ஒன்றும் வரவில்லை. எங்கள் போன்ற சம்பளத்தில் வருமான வரி ஒரு பொருட்டே அல்ல.

அக்டோபர் 9, வியாழன்

இன்று உணவு இடைவேளையில், உடன் வேலை பார்க்கும் அக்காவிடம் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னேன். சிங்கப்பூர்க் குடிமகள்; அதே 2,400 வெள்ளி. அந்நாட்டின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடு பிடித்து, கையில் 1,920 வாங்குகிறார். என்னைவிடக் குறைவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு போடுகிறார். மாதம் 888 வெள்ளி அவர் பேரில் சேர்கிறது. அரசு கட்டிய வீவக வீட்டின் தவணையே அதிலிருந்துதான் போகிறதாம்.

வேலை அனுமதிச் சீட்டில் வருகிற எனக்கு அந்த நிதி கிடையாது. தம்பிக்குக்கூட மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் அவன் பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று மாதம் 624 ரிங்கிட் ஏறுகிறது. ஆறு வருடமாக என் பெயரில் ஒரு காசு ஏறவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் அந்த 624தான் மனத்தில் ஓடியது.

அக்டோபர் 10, வெள்ளி

பெட்ரோல்: இங்கே மைகாட் என்கிற அடையாள அட்டையைக் காட்டினால் லிட்டர் 1.99 ரிங்கிட். அங்கே 2.50 வெள்ளிக்கும் மேல். இந்த வீட்டுக்கு மாத வாடகை 1,200 ரிங்கிட். பாலத்தின் அந்தக் கரையில், உட்லண்ட்ஸில், ஓர் அறைக்கே 900 வெள்ளி கேட்டார்கள். அங்கே கடைக்குப் போனால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அங்கே சம்பாதித்து இங்கே செலவழித்தால்தான் மிஞ்சும்.

1973 வரை இரு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியானது. தாத்தா பாலத்தைத் தாண்டிப் போய் அதே காசில் மீன் வாங்கி வந்ததாகச் சொல்வார். எங்கள் தலைமுறை முழுவதையும் அதிகாலையில் எழுப்பி ஓட வைப்பது, அதன்பின் விரிந்த அந்த இடைவெளிதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நேரத்தைக் கணக்கில் எடுத்தேன். பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் குடிநுழைவு வரிசை, பஸ், மறுபடி வரிசை என்று போக வர ஐந்து மணி நேரம். மாதம் 24 நாள். வேலை 192 மணி, பயணம் 120 மணி. பயணச் செலவு 300 ரிங்கிட் போக, மணிக்கு 24 ரிங்கிட். தம்பிக்குப் பயணம் நாளுக்கு ஒரு மணிதான். முதலாளியின் சேமநிதிப் பங்கையும் சேர்த்தால் மணிக்கு 13.60. மூன்று மடங்கு என்றது இரண்டு மடங்குகூட இல்லை.

அவனிடம் கணக்குத் தாளைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "புக்கிட் சாகார் ரயில் வரட்டும் அக்கா, அப்போது பார்க்கலாம்" என்றான். இங்கே புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ரயில் பாதை அது; 2026 இறுதிக்குள் முடிக்கத் திட்டம். அந்தக் கரையின் உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்துக்கு ஐந்து நிமிடம். அது ஓடத் தொடங்கினால் என் 120 மணியில் எத்தனை திரும்பக் கிடைக்குமோ, அத்தனையும் தூங்குவேன்.

அக்டோபர் 15, புதன்

ஊழியர் சேமநிதியில் சொந்த விருப்பத்தின் பேரில் பணம் போடலாம். தீபாவளிப் புடவைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து இன்று 624 ரிங்கிட் போட்டேன். தம்பிக்கு ஏறுகிற அதே தொகை.