மலக்குடல் கட்டி கரையுமா? எம்.ஆர்.ஐ.யை வைத்துக் கணிக்கும்போது இடறும் இடங்கள்

மலக்குடல் புற்று குடல் சுவரைத் தாண்டிவிட்டாலோ நிணநீர்க் கணுக்களில் ஏறிவிட்டாலோ, பெரும்பாலும் அறுவைக்கு முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கிறார்கள். 25 முதல் 28 அமர்வுகளில் 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), கூடவே கேபெசிடபின் என்ற கீமோ மாத்திரை என்பது நீண்டகாலமாக இருக்கும் முறை. அதில் நூறு பேரில் ஏறக்குறைய 15 முதல் 20 பேருக்குக் கட்டி முழுதாகக் கரைகிறது. சிலருக்கு அசைந்தே கொடுக்காது. சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனை வைத்தே இதைக் கணிக்க, பழைய நோயாளிகளின் தரவிலிருந்து கற்கும் ஒரு கணினி மாடல் கட்டும் வேலையில், கணினி முன் உட்காருவதற்கு முன்பே பாதி ஜெயித்திருப்போம், அல்லது தோற்றிருப்போம்.

முதலில் படம். டி2 படத்தை (திசு அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) 3 மி.மீ. தடிமனில், கொழுப்பின் சிக்னலை அடக்காமல் எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் கட்டியின் அச்சைப் பார்த்து, அதற்குச் செங்குத்தாக வெட்டுத் தளத்தை வைக்க வேண்டும். தளம் சாய்ந்துவிட்டால் சுவரின் தசையடுக்கு மங்கி, உள்ளேயே நிற்கும் கட்டிகூட வெளியே வந்ததுபோலத் தெரியும். திசுவில் நீர் எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் படத்துக்கு, அந்த நகர்வை எவ்வளவு நுட்பமாக உணரும் என்பதைக் குறிக்கும் பி மதிப்பு குறைந்தது 800 வேண்டும். இதில் பெரிய எதிரி குடலிலுள்ள காற்று: காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் படம் நெளிந்துவிடும். ஸ்கேனுக்குச் சற்று முன் சிறிய எனிமா கொடுத்தால் இது வெகுவாகக் குறையும்.

சி.டி.யைப் போல எம்.ஆர்.ஐ. எண்களுக்கு நிலையான அளவுகோல் கிடையாது. ஒரே கட்டி இரண்டு கருவிகளில் இரண்டு விதமான எண்களைத் தரும். அதனால் ஒளிச்சீரின்மையைத் திருத்தி, எல்லாப் படங்களையும் ஒரே வாக்ஸல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அளவுக்கு மாற்றி, தீவிரத்தைச் சமன்செய்த பிறகே அம்சங்களை, அதாவது கட்டியின் வடிவம், சாயல் போன்றவற்றைச் சொல்லும் எண்களை, கணக்கிட வேண்டும். நன்றாகக் கரைந்தவர்களில் பலர் ஒரே கருவியில் ஸ்கேன் ஆனவர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் மாடல் கற்றுக்கொள்வது கருவியைத்தான், கட்டியை அல்ல.

கட்டியின் எல்லையை இரண்டு ரேடியாலஜிஸ்ட்டுகள் தனித்தனியாக வரைய வேண்டும். குடல் குழாய்க்குள் இருக்கும் காற்றும் மலமும் எல்லைக்குள் வரக்கூடாது. இருவர் வரைந்ததிலும் ஏறத்தாழ ஒரே மதிப்பு தரும் அம்சங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம்; இருவரின் மதிப்புகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒத்திசைவுக் குணகம் (1 என்றால் முழு ஒற்றுமை) 0.75க்குக் கீழே போனால் தூக்கி எறிவது வழக்கம். டிஃப்யூஷனில் வரைந்த எல்லையை டி2 படத்துக்கு அப்படியே நகர்த்தினால் சில மில்லிமீட்டர் விலகியிருக்கும். சின்னக் கட்டியில் அந்த விலகலே சுவரைக் கட்டியாக்கிவிடும்.

அதிகம் அடி வாங்குவது விடைப் பத்தியில், அதாவது யாருக்குக் கரைந்தது என்று மாடலுக்குச் சொல்லும் தரவில். அறுவையில் எடுத்த திசுவின் பேத்தாலஜி ரிப்போர்ட்டில், கட்டி கரைந்த அளவுக்கான தரம் 'டி.ஆர்.ஜி. 1' என்று மட்டும் இருந்தால் எந்த முறை என்று கேட்காமல் விடாதீர்கள். மாண்டார்ட் முறையில் 1 என்றால் முழுக் கரைவு. டுவோராக் முறையில் 4தான் முழுக் கரைவு, 1 என்பது மோசமான பலன். ஏ.ஜே.சி.சி. முறையிலோ முழுக் கரைவுக்கு 0. மூன்றும் கலந்த பட்டியல் ஒன்று கையில் வந்தால், எந்த அல்காரிதமும் காப்பாற்றாது. சிகிச்சை முறையையும் கலக்கக்கூடாது: ராபிடோ ஆய்வில் 25 கிரே குறுகிய கதிர்வீச்சுக்குப் பின் கீமோ பெற்றவர்களில் 28 சதவீதத்தினருக்கும், வழக்கமான முறையில் 14 சதவீதத்தினருக்கும் கட்டி முழுதாகக் கரைந்தது. அறுவை செய்யாமல் கண்காணிப்பில் இருப்பவர்களுக்குத் திசு மாதிரியே இருக்காது. அவர்களை விட்டுவிட்டால் நன்றாகக் கரைந்தவர்களையே விட்டுவிடுகிறோம். மீண்டும் வளர்வது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் நடப்பதால், அதுவரை வளராதவர்களை முழுக் கரைவு என்று குறிப்பது நியாயமான வழி.

120 நோயாளிகள் இருந்தால் முழுக் கரைவு 20 பேர் சொச்சம்தான். இந்த எண்ணிக்கைக்கு இரண்டு மூன்று அம்சங்களுக்கு மேல் தாங்காது. ஆயிரம் அம்சங்களைக் கணக்கிட்டு, மொத்தத் தரவிலும் சிறந்ததைப் பொறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு பயிற்சி, சோதனை என்று பிரிப்பதுதான் பரவலான தவறு. தரவைப் பல பங்காகப் பிரித்து மாறி மாறிச் சோதிக்கும்போது, தேர்வு ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் (அந்தச் சுற்றின் பயிற்சிப் பங்கில் மட்டும்) நடக்க வேண்டும். நோயாளி வாரியாக இல்லாமல் ஸ்லைஸ் (படத்தின் ஒவ்வொரு வெட்டு) வாரியாகப் பிரித்தாலும் ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவார். கட்டியின் கன அளவை மட்டும் வைத்து ஒரு எளிய மாடல் ஓட்டிப் பாருங்கள். பல அழகான டெக்ஸ்சர் (படத்தின் நெசவை அளக்கும்) அம்சங்கள் வேஷம் கட்டிய கன அளவாகவே இருக்கும். துல்லிய சதவீதத்தையும் நம்ப வேண்டாம்: 'யாருக்கும் முழுதாகக் கரையாது' என்று சொல்லும் மாடலுக்கே 80க்கு மேல் கிடைக்கும்.

கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து எடுக்கும் படத்தையும் சேர்த்தால் கணிப்பு பலப்படும், குழப்பமும் கூடும். தழும்புத் திசு டி2 படத்திலும் ஏ.டி.சி. வரைபடத்திலும் (டிஃப்யூஷன் படங்களிலிருந்து கணக்கிடுவது) கருப்பாகத் தெரியும், ஏ.டி.சி.யை மட்டும் பார்ப்பவர் மிச்சக் கட்டி என்பார். உயர் பி மதிப்பு டிஃப்யூஷன் படத்தில் அதே இடம் வெளிச்சமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சளிவகைக் கட்டியில் இந்த விதியும் உதவாது: செல்லே இல்லாத சளித் தேக்கம் டி2வில் பளிச்சென்றே நிற்கும், பேத்தாலஜியில் முழுக் கரைவு என்று வரும். அவ்வகை நோயாளிகளைத் தனிக் குழுவாக வைத்து, மாடலின் பிழைகளை அவர்களுக்கு மட்டும் தனியே எண்ணிப் பார்ப்பது நல்லது.