தோலைத் திருப்பிப் பார்க்கிறேன்

அப்பாவின் நோட்டுகள் நான்கையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கட்டியபோது கையில் இருந்ததிலேயே அழகான தோலை எடுத்தேன். அடர் சிவப்பு. வெள்ளாட்டுத்தோல் என்று சொல்லித்தான் விற்றார்கள், மேலே அதற்கான பொடி வரியும் இருந்தது. மூன்றே வருடத்தில் அட்டை மடங்கும் இடத்தில் மேற்புறம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, உள்ளே பஞ்சுபஞ்சாக நார் தெரிந்தது. செம்மறித்தோலின் மேல் வெள்ளாட்டு வரியை அச்சு வைத்து அழுத்தியிருக்கிறார்கள். செம்மறியில் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் நடுவே கொழுப்பு அதிகம், பிடிமானம் குறைவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலிருந்து எந்தத் தோலையும் முதலில் திருப்பிச் சதைப்புறத்தைத்தான் பார்க்கிறேன். நார் நெருக்கமாக இருக்கிறதா, விரலால் தேய்த்தால் பொடி உதிர்கிறதா என்று. பிறகு மேற்புறம் உள்ளே போகும்படி மடிப்பேன். நல்ல தோலில் மயிரிழை போலச் சுருக்கம் விழும். தொளதொளவென்று பெரிய மடிப்பாக உப்பினால், அது பெரும்பாலும் வயிற்றுப் பக்கம். முதுகெலும்பை ஒட்டிய பகுதிதான் எனக்கு வேண்டும்.

கடைசியில் ஓரத்தில் கத்தி வைத்துச் சீவிப் பார்ப்பேன். நல்ல தோல் சுருள் சுருளாக, நாடா மாதிரி வரும். மட்டமானது திரிதிரியாகப் பிய்யும். குரோமிய உப்பில் பதனிட்டது ரப்பர் போல வழுக்கும். சூடான அச்சு வைத்தாலும் தடம் நிற்காது. பை தைக்க அது நல்லதாக இருக்கலாம், புத்தகத்துக்கு நான் தொடுவதில்லை.

தாவரப் பதனீடு, அதாவது பட்டை, இலை, காய்ச் சாற்றில் பதனிட்டது, என்றாலே போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எதில் பதனிட்டது என்பதையும் கேட்க வேண்டும். பைண்டிங் தோல்கள் ஏன் சிவப்புப் பொடியாக உதிர்கின்றன என்று லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் ஒரு குழு வைத்து ஆராய்ந்தது. 1901-ல் வந்த அறிக்கையில் சுமாக் என்ற செடியின் இலையில் பதனிட்டதற்கு நல்ல பெயர். நம் ஆவாரம்பட்டைக்குக் கெட்ட பெயர். படித்தபோது மனசு கொஞ்சம் வலித்தது. சீவிய துண்டில் இரும்பு உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டால் சுமாக், கடுக்காய் வகை நீலக்கறுப்பாகும். ஆவாரை வகை பச்சைக்கறுப்பாகும்.

அப்பாவின் புத்தகத்தை மறுபடி பிரித்து வைத்திருக்கிறேன். இந்த முறை கடுக்காயில் பதனிட்ட வெள்ளாட்டுத்தோல். நிறம் சுமார்தான். கழுத்துப் பக்கம் முள் கீறி ஆறிய தழும்பு ஒன்று இருக்கிறது. அதைப் பின்னட்டையில், கட்டைவிரல் படும் இடத்தில் வரும்படி வெட்டப் போகிறேன்.