"திருப்பி ஒண்ணு விடு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்றாங்கன்னு புள்ளை வந்து சொன்னா நம்ம வீடுகள்ல ரெண்டு பதில் ரெடியா இருக்கும். அப்பா "திருப்பி ஒண்ணு விட வேண்டியதுதான"ம்பாரு, பாட்டி "சொல்லிட்டுப் போறான், நீ காதுல வாங்காத"ம்பாங்க. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல. திருப்பி விடுற தெம்பு இருக்குற புள்ளைய எவன் வம்பிழுக்கப் போறான், ஆள் பாத்துதான இழுக்குறாங்க. காதுல வாங்காதன்னா, தினமும் காலைலயும் சாயங்காலமும் அதே வேன்ல அதே பசங்களோடதான வரணும், காதை எங்க கழட்டி வைக்கிறது?

எங்க பையன் ஆறாவது படிக்கிறான். வேன்ல ஒரு எட்டாவது பையன் இவன் கலரை வச்சு ஒரு பட்டப்பேரு வச்சுட்டான் (அதை இங்க எழுத மாட்டேன்). அவன் கூப்பிடுவான், பின் சீட்டு மொத்தமும் சிரிக்கும். எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம காலைல வயித்து வலிங்கிறது, திடீர்னு "நான் சைக்கிள்ல போறேன்"ங்கிறதுன்னு ஓட்டிட்டு இருந்தான், அப்புறம்தான் வாயத் தொறந்தான்.

இதப் பத்தித் தேடிப் படிச்சப்ப ஒரு விஷயம் புடிபட்டுச்சு. ஃபின்லாந்துல துர்கு யுனிவர்சிட்டில கிறிஸ்டினா சால்மிவல்லின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், புல்லியிங்ல வம்பிழுக்கிறவன், மாட்டிக்கிறவன்னு ரெண்டு பேரு மட்டும் இல்ல, கூடச் சேந்துக்கிறவன், சிரிச்சு ஏத்திவிடுறவன், ஒதுங்கிப் போறவன், காப்பாத்துறவன்னு கிளாஸ்ல எல்லாருக்குமே ஒரு ரோல் இருக்குன்னு 1996லயே எழுதியிருக்காங்க. அதை வச்சு உருவான 'கிவா'ங்கிற திட்டம் அந்த ஊர் ஸ்கூல்கள்ல நடக்குது, அதுல மெயின் வேலையே வேடிக்கை பாக்குற பசங்களை மாத்துறதுதான். சிரிக்க ஆள் இல்லன்னா அவன் யாருக்காகப் பண்ணுவான்?

அதனால பையன்கிட்ட "வேன்ல யாரு சிரிக்க மாட்டாங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அவன் செக்‌ஷன் பையன் ஒருத்தனைச் சொன்னான், பெருசா பழக்கமில்லையாம். சனிக்கிழமை அவனைக் கேரம் விளையாட வீட்டுக்குக் கூப்பிட்டோம், அவங்கம்மாவுக்கு போன் பண்ணி விஷயத்தையும் சொல்லிட்டேன். இப்ப ரெண்டு பேரும் முன்னாடி சீட்ல ஒண்ணா உக்காந்து கிரிக்கெட் பேசிட்டே வர்றாங்க. வேன் அண்ணாகிட்டயும் சொன்னோம், அவரு கண்ணாடில ஒரு பார்வை பாத்தாலே பாதி அடங்கிடும்.

வீட்ல ரிகர்சல் வேற. எங்க வீட்டுக்காரர்தான் எட்டாவது பையன், நல்லாவே நடிச்சாரு! பட்டப்பேரு சொன்னா தலைய குனியாம, அழாம, "சரி, அப்புறம்?"னு சாதாரணமா கேட்டுட்டு பக்கத்துல இருக்குறவன்கிட்டத் திரும்பிப் பேச்சைத் தொடரணும். முதல்ல குரலே வெளிய வரல, சிரிச்சு சிரிச்சுப் பழகினான். அந்தப் பேரு இப்பவும் எப்பவாச்சும் வரத்தான் செய்யுது, ஆனா வயித்து வலி இல்ல.

நேரா அந்தப் பையன் வீட்டுக்குப் போயி நிக்காதீங்க, அது பெரியவங்க சண்டையாயிடும். என்னைக்கு, எங்க, என்ன சொன்னான், யாரு இருந்தாங்கன்னு எழுதி ஸ்கூல்ல குடுங்க, வாயால சொன்னா "பசங்கன்னா அப்படித்தான்"னு அனுப்பிடுவாங்க. சிபிஎஸ்இ ஸ்கூல்கள்ல இதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கணும்னு 2015லயே சர்குலர் வந்தாச்சு, கேட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுல கல்வித்துறை ஹெல்ப்லைன் 14417, குழந்தைகளுக்கு 1098.

இதெல்லாம் கிண்டலுக்குத்தான். அடிக்கிறது, காசு புடுங்குறது, ஜாதியச் சொல்றதுன்னு போச்சுன்னா புள்ளைக்கு சமாளிக்கக் கத்துக் குடுக்குறதுல அர்த்தமே இல்ல, பெரியவங்க இறங்கணும். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பிளஸ் டூ பையனை வீடு புகுந்து வெட்டினாங்களே, ஸ்கூல்ல நடந்த ஜாதிக் கொடுமையத்தான் அந்தப் பையன் சொல்லியிருந்தான். அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூன்ல ரிப்போர்ட் குடுத்துச்சு, கையில கட்டுற ஜாதிக் கயிறு வரைக்கும் அதுல பேசியிருக்காங்க.

அந்த எட்டாவது பையன் இப்ப அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணை ஆரம்பிச்சிருக்கானாம், பையன் வந்து சொன்னான். அதையும் எழுதிக் குடுத்திருக்கேன், ஸ்கூல்ல இருந்து இன்னும் பதில் வரல.