மரபியல் பேப்பரும் திருத்தாமல் விட்ட ஒரு பக்கமும்

மறுமதிப்பீட்டு முடிவு வந்துவிட்டது. மூலக்கூறு உயிரியல், மரபியல் பேப்பரில் பாஸ். முதலில் வந்த ரிசல்ட்டில் இரண்டு மதிப்பெண் குறைவு என்று அரியர் போட்டிருந்தார்கள். நிம்மதிதான், ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை. அடுத்து இந்தப் பேப்பர் எழுதப்போகிற பி.எஸ்சி. மாணவர்களுக்கு, அதிலும் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மெண்டல் விதிகள், இரத்த வகை, பால் சார்ந்த மரபு எல்லாம் பள்ளியிலேயே பார்த்தவை. சிக்கல் டிஎன்ஏ இழைகளின் திசையில்தான் தொடங்குகிறது. கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் விற்கிற நோட்ஸில், டெம்ப்ளேட் இழையை (ஆர்என்ஏவுக்கு அச்சாக இருக்கிற டிஎன்ஏ இழை) ஆர்என்ஏ பாலிமரேஸ் என்கிற நொதி 5' முனையிலிருந்து 3' நோக்கிப் படிப்பதாகப் படம் இருக்கிறது (5', 3' என்பவை இழையின் இரு முனைகளின் பெயர்கள்). அது தப்பு. டெம்ப்ளேட்டை 3'-லிருந்து 5' நோக்கித்தான் படிக்கும். உருவாகிற ஆர்என்ஏதான் 5'-லிருந்து 3' நோக்கி வளரும். இந்தத் தப்பு வருஷக்கணக்காக நகலெடுக்கப்பட்டு வருகிறது. இன்டர்னல் தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் அப்படியே எழுதி மதிப்பெண்ணை இழந்தார்கள். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: டெம்ப்ளேட்டில் 3' பக்கமிருந்து டிஏசி (TAC) என்கிற எழுத்துகள் இருந்தால், அதிலிருந்து உருவாகிற எம்-ஆர்என்ஏவில் 5' பக்கமிருந்து ஏயுஜி (AUG) வர வேண்டும். வரவில்லையென்றால் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது. திசை பிடிபட்டுவிட்டால், டிஎன்ஏ நகலாகும்போது ஒரு இழையில் உருவாகிற ஒகசாகி துண்டுகளை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசை, டிஎன்ஏ பாலிமரேஸோ 3' முனையில் மட்டும்தான் சேர்க்கும். அப்படியானால் ஒரு இழையைத் துண்டுதுண்டாகத்தான் கட்டியாக வேண்டும்.

அப்புறம் பிராக்டிகல். வெங்காய வேர் நுனி நன்றாகவே வந்தது. காலையிலேயே வேரை வெட்டி, மூன்று பங்கு எத்தனாலுக்கு ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த திரவத்தில் போட்டு வையுங்கள். லேப் திறக்கிற நேரத்துக்கு வெட்டினால் பிரிந்துகொண்டிருக்கிற செல்லைத் தேடித் தேடியே பீரியட் முடிந்துவிடும்.

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரம் செலுத்தி அளவு வாரியாகப் பிரிக்கிற அகரோஸ் ஜெல்தான் மனதை வருத்தியது. பாதி ஓடும்போது கரண்ட் போய்விட்டது. எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இணைப்பு அலுவலகத்துக்கு மட்டும்தான். மின்புலம் இல்லாதபோது டிஎன்ஏ இருந்த இடத்திலேயே நாலாபுறமும் பரவும். கரண்ட் வந்து மறுபடி ஓட்டி, புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்தபோது, கூர்மையான கோடுகளாக நிற்க வேண்டியவை ஆரஞ்சு நிறத்தில் அகலமாக மங்கிக் கிடந்தன. கீழே இருக்க வேண்டிய சின்னத் துண்டுகள் கண்ணுக்கே தெரியவில்லை. "போன வருஷ ரெக்கார்டைப் பார்த்து வரைஞ்சுக்கோங்கப்பா" என்றார் லேப் பொறுப்பாளர். எனக்கு மனம் வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்து, கரண்ட் போனதையும் கீழே ஒரு வரி எழுதினேன். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். துறைத் தலைவரிடம் போய் விளக்கிய பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. பிராக்டிகல் தேர்வில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) திறந்தது அதே பக்கத்தை. "ஏன் இப்படி மங்கலா இருக்கு? சின்னத் துண்டு ஏன் முதல்ல காணாமப் போகுது?" என்று கேட்டார். சின்னது வேகமாகப் பரவும், அதில் ஒட்டுகிற எத்திடியம் புரோமைடு என்கிற ஒளிரும் சாயமும் குறைவு என்றேன். வைவா முழுக்க அதைச் சுற்றியே போனது. அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது இருந்த சந்தோஷத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

எழுத்துத் தேர்வில் கை-வர்க்கக் (chi-square) கணக்கு, அதாவது கிடைத்த எண்கள் எதிர்பார்த்த விகிதத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்கிற கணக்கு வந்தது. ஹாலில் இருந்த கண்காணிப்பாளர், "பயாலஜிக்கு எதுக்கு கால்குலேட்டர்?" என்று வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். சாதாரண கால்குலேட்டருக்கு அனுமதி உண்டு என்று சொல்லியும் கேட்கவில்லை. வாக்குவாதத்தில் நேரம் போகும் என்று கையாலேயே போட்டேன். மெண்டலின் எண்களை வைத்துக் கையால் போட்டுப் பழகியிருந்தது காப்பாற்றியது. நீங்களும் பழகுங்கள்: 315, 108, 101, 32, மொத்தம் 556 பட்டாணி. 9:3:3:1 விகிதத்துக்குக் கணக்கிட்டால் 0.47 வர வேண்டும். சுதந்திர அளவு (degrees of freedom, வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3-க்கு, 5 சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பு 7.815, அதைவிடக் குறைவு, ஆகவே விகிதம் பொருந்துகிறது.

இவ்வளவுக்கும் பிறகு அரியர் என்று பார்த்தபோது நம்பவே முடியவில்லை. அலுவலகத்தில் இருந்தவர், "ஒன்னு ரெண்டு மார்க்தானே, மறுகூட்டல் போட்டா போதும்" என்று அந்தப் படிவத்தையே நீட்டினார். வாங்காதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் மறுகூட்டல் போட்டால் விடைத்தாள் நம் கண்ணுக்கு வராது. முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுமதிப்பீடு. முதல்வர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அவர் மீட்டிங்கில். மறுபடி போனால் படிவம் வாங்குகிற ஊழியர் விடுப்பு. கடைசி நாளில், கவுன்ட்டர் மூடுகிற நேரத்தில்தான் கொடுக்க முடிந்தது.

நகல் வந்தது. டிஎன்ஏ எப்படி நகலாகிறது என்று காட்ட 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் வெளியிட்ட சோதனையிலிருந்து ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. கனமான நைட்ரஜன்-15இல் வளர்ந்த பாக்டீரியாவை நைட்ரஜன்-14க்கு மாற்றினால் மூன்றாம் தலைமுறையில் எவ்வளவு கலப்பு டிஎன்ஏ (ஒரு இழை கனமானது, ஒரு இழை லேசானது) இருக்கும்? ஒரு மூலக்கூறு எட்டாகிறது. அதில் இரண்டு கலப்பு, ஆறு லேசானது. 25 சதவீதம் என்று படத்தோடு எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே படவில்லை. சுழியம்கூடப் போடவில்லை, திருப்பியே பார்க்கவில்லை. ஒரு மாணவனின் வருஷம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று திருத்துகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுமதிப்பீட்டில் அந்த ஐந்தும் முழுதாகக் கிடைத்தது. புது மதிப்பெண் பட்டியல் வாங்கப் பழையதன் அசலை ஒப்படைக்க வேண்டும். புதியது கைக்கு வர நாளாகும். எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கிறவர்கள் மறுமதிப்பீட்டு முடிவின் இணையப் பிரதியில் முதல்வர் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் அசலைக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள்.