மணக்குடி காயலில் பாய்மரப் போட்டி: ஆட்டோ, கயிறு, காற்று, நெத்திலி அவியல்

ஆட்டோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன், எரிச்சல் இன்னும் ஆறவில்லை. நாகர்கோவில் ஜங்ஷன் வாசலில் மணக்குடி என்று சொன்னதும் 400 ரூபாய் என்றார்கள். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். "திரும்பி வரும்போ சவாரி கிடைக்காதுல்லா" என்பது நியாயம். தோளில் ஒரு சுருள் கயிறைப் பார்த்ததும் லக்கேஜுக்குத் தனியாக 50. காயலில் பாய் விரிக்கப் போகிறவர்கள் இந்தப் பணத்தை இங்கே விடவேண்டாம், நல்ல தாமான் கயிறு (பாயைக் கையில் இழுத்துப் பிடிப்பது) வாங்க உதவும். அண்ணா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டவுன் பஸ் பிடியுங்கள். பெண்களுக்கு அதில் கட்டணமே இல்லை.

பஸ் ஏறும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: மேலமணக்குடியா, கீழமணக்குடியா? காயலுக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. நடுவில் பாலம். படகு எந்தக் கரையில் கிடக்கிறதோ அந்தக் கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறாவிட்டால் சாமான்களைச் சுமந்துகொண்டு வெயிலில் பாலம் கடக்க வேண்டும். 2004 சுனாமி பழைய பாலத்தைப் பெயர்த்துப் போட்டது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு இந்தப் பாலத்தைவிட நல்ல இடம் கிடையாது.

தங்குவதற்குக் கன்னியாகுமரி வேண்டாம். சூரிய உதயத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி லாட்ஜ்காரர்கள் சனி, ஞாயிறில் வாடகையை ஏற்றிவிடுவார்கள். நாகர்கோவிலில் தங்குங்கள், கயிறும் தார்ப்பாயும் வாங்கக் கோட்டாறு கடைத்தெரு பக்கத்திலேயே இருக்கிறது.

இனி காயல். பழையாறு கடலில் சேரும் இடம் இது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பொழிமுகம், அதாவது கடலுக்குத் திறக்கும் வாய், மணலடித்து மூடியே கிடக்கும். பெருமழையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு திறக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் விசாரிக்க வேண்டியது, பொழி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைத்தான். மூடியிருந்தால் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், காற்றை மட்டும் பார்த்தால் போதும். திறந்திருந்தால் கடலின் ஏற்றவற்றத்தோடு நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். பாலத்துக்கு அடியில் அது படகைப் பக்கவாட்டில் இழுக்கும், பாய்மரம் பாலத்தில் போய் இடிக்கும். அப்படிப்பட்ட நாளில் பாலத்துக்கு வடக்கே மட்டும்தான் போட்டி வைக்க வேண்டும். அதை எதிர்த்துப் பேசுகிற கமிட்டியிடம் பணம் கட்டாதீர்கள்.

கமிட்டி என்றதும் அடுத்த எரிச்சல். நோட்டீசில் காலை 10 மணி என்று போடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் காலை 10 மணிக்குக் காயலில் காற்றே இருக்காது. விடியற்காலையில் கரைக்காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், வெயில் ஏற ஏற அது செத்துவிடும். தரை நன்றாகச் சூடாகி மேலே எழும் காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருவதற்கு நடுப்பகல் தாண்ட வேண்டும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம் பாய் துவண்டு தொங்கும், மைக்கில் பாட்டு மட்டும் ஓடும். பிற்பகல் 2 மணிக்கு மேல் வைத்தால் தெற்கும் தென்மேற்குமாகக் காற்று ஒரே சீராகக் கிடைக்கும். ஆனி, ஆடியில் கதையே வேறு. அப்போது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓயாமல் அடிக்கும், புதிய கைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

திருநெல்வேலி வழியாக வருகிறவர்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து "ஆஹா, காற்று இருக்கு" என்று குஷியாகிவிடுகிறார்கள். அது இரண்டு மலைக்கு நடுவே கணவாயில் நெருக்குப்பட்டு வேகமெடுக்கும் காற்று. அதை வைத்து மணக்குடியில் எதையும் சொல்ல முடியாது. இங்கே தென்னந்தோப்புகளைப் பாருங்கள். 15 மீட்டர் உயர மரங்கள் வரிசையாக நின்றால், காற்று போகும் பக்கத்தில் அந்த உயரத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரத்துக்குக் காற்று மங்கிக் கிடக்கும். 150 மீட்டர்! கரையை ஒட்டிப் போனால் தூரம் குறையும் என்று நினைக்கிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தக் காயலுக்கு 18, 20 அடி வள்ளம் தோது. ஃபைபர் வள்ளமாக இருக்கலாம், முட்டம் பக்கம் 1980களில் பரவிய பிளைவுட் வகையாகவும் இருக்கலாம். ஆள் 4 பேர். பாய்மரம் 12 அடி, பாயைத் தாங்கி அதில் சாய்வாக ஏறும் மூங்கில், அதாவது பருமல், 20 அடி, பாய் முக்கோணம். 20 அடிக்கு ஒரே சீரான மூங்கில் கிடைக்காது. 12 அடியில் இரண்டை எடுத்து அடிப்பக்கங்களை 4 அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மூன்று இடத்தில் இறுகக் கட்டுங்கள். ஒரே இடத்தில் கட்டினால் முதல் வீச்சிலேயே பிளக்கும். இந்த மூங்கிலை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. இன்னொரு குழுவோடு பேசி ஒரு குட்டியானை வண்டி பிடித்தால் செலவு பாதி.

பாய்க்குத் தார்ப்பாய் போதும். பணக்காரத் துணி வாங்கி யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை. வெட்டும் விதத்தில்தான் இருக்கிறது. துணியின் இழை, பாயின் பின் விளிம்போடு இணையாக ஓட வேண்டும். குறுக்காக வெட்டினால் அந்த விளிம்பு இழுபட்டுத் தொய்ந்து படபடக்கும், காற்றுக்கு எதிரே படகு ஏறவே ஏறாது. மூன்று விளிம்பிலும் 8 மில்லிமீட்டர் கயிறு வைத்து மடித்துத் தையுங்கள். மூலைகளில் இன்னொரு துண்டை வைத்து இரட்டிப்பாக்குங்கள், கிழிகிற இடம் எப்போதும் மூலைதான்.

கயிறு வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது. பருமலை ஏற்றும் ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் நைலான் வேண்டவே வேண்டாம். அது நீளும். இறுக்கி ஏற்றிய பருமல் அரை மணியில் ஒரு சாண் இறங்கியிருக்கும். கடைக்காரர் நீட்டும் நீலப் பிளாஸ்டிக் கயிறு விலை குறைவு, ஆனால் முடிச்சு நிற்காது, உள்ளங்கையை அறுக்கும். பாலியெஸ்டர் கயிறு 10 மில்லிமீட்டரில் கேளுங்கள். தாமானை எதிலும் கட்டாதீர்கள். வள்ளத்தின் முளையில் ஒரே ஒரு சுற்று, மீதி கையில். திடீர் வீச்சு வந்தால் கை தளர்ந்ததும் பாய் காற்றைக் கொட்டிவிட வேண்டும். கட்டி வைத்தால் படகுதான் கொட்டும்.

இன்னொன்று, பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை. வள்ளத்தின் அடி தட்டை. பலகை இல்லாவிட்டால் எதிர்க்காற்றில் முன்னே போகிற அளவுக்குப் பக்கவாட்டிலும் நழுவும். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் 4 அடி நீளம், 1 அடி அகலம், முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பைச் சீவி வைத்தால் போதும். காற்று போகும் பக்கத்தில் தொங்கவிடுங்கள். காயலில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், பலகை தட்டும். ஆகவே மேல் முனையை மட்டும் கட்டுங்கள், தரை தட்டினால் கீழ் முனை பின்னால் மடங்கிக்கொள்ள வேண்டும். கீழேயும் கட்டினால் பலகை முறியும், இல்லையென்றால் வள்ளத்தின் விளிம்பு பெயரும்.

தரை என்றால் சேறு. நார் எடுக்கத் தேங்காய் மட்டை அழுகப்போடும் இடங்களில் நட்ட கழிகள் தண்ணீருக்குச் சற்றே கீழே நிற்கும். முந்தின நாள் சாயந்திரம் துடுப்பு போட்டு ஒரு சுற்று வந்து, அவற்றில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். கவிழ்ந்தால் காலை ஊன்றி நிற்கப் பார்க்காதீர்கள், முழங்கால் வரை புதையும். படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகைக் கமிட்டி இறங்கவிட்டால் அந்தக் கமிட்டிக்கு வெட்கம் வேண்டும். 5 லிட்டர் எண்ணெய் கேனை வாயகல வெட்டித் தண்ணீர் கோர இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் படகோடு கட்டுங்கள்.

விதிகள் பெரும்பாலும் உலகமெங்கும் உள்ள பாய்மரப் போட்டி விதிகளின் சுருக்கம்தான். உலகப் பாய்மரச் சங்கம் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும், இப்போது நடப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. மனப்பாடமாக வேண்டியவை கொஞ்சம்தான். வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கி வருவது ஒதுங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கம் காற்று என்றால், காற்று வரும் பக்கம் இருக்கிறவர் விலக வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னே போகிறவரை இடிக்கக் கூடாது. சுற்றி வர வேண்டிய மிதவையை நெருங்கும்போது மூன்று படகு நீளத்துக்குள் வந்தால் உள்பக்கம் இருக்கிறவருக்கு இடம் விட வேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு முழு வட்டம், இன்னொரு படகிடம் தப்பு செய்தால் இரண்டு வட்டம் சுற்றிவிட்டுத்தான் தொடரலாம். விசில் 5 நிமிஷம், 4 நிமிஷம், 1 நிமிஷம், பிறகு புறப்பாடு. புறப்படும் கோட்டை முன்கூட்டித் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். ஆகவே கடைசி நிமிஷத்தில் கோட்டிலிருந்து 30 அடி பின்னால் பாயைத் தளர்த்தி நில்லுங்கள்.

மிதவை என்பது 20 லிட்டர் மஞ்சள் கேன், கீழே மணல் மூட்டை. கயிறு ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் கேன் அலைந்து திரியும், தளர்ந்த கயிறு உங்கள் பலகையில் மாட்டும். நாலு விரல் கல் ஒன்றை நடுவில் கட்டிக் கயிறை அமுக்கச் சொல்லுங்கள்.

இனிதான் போட்டியே. முக்கோணப் பாயோடு காற்றை நேரே எதிர்த்து ஏற முடியாது. காற்று வரும் திசைக்கு 60 பாகை விலகித்தான் படகு போகும், ஆகவே வளைந்து வளைந்து ஏற வேண்டும். ஒரு பக்கம் போகும்போது பாய் மரத்தில் ஒட்டாமல் சுதந்திரமாக வீங்கி நிற்கும். மறுபக்கம் மரத்தில் அழுந்திக் குழிந்துவிடும், வேகம் போகும். திரும்பும்போது பருமலை மறுபக்கம் மாற்றுகிறவர்கள் ஜெயிக்கிறார்கள். சோம்பேறிகள் அழுத்தத்தோடு ஓட்டித் தோற்கிறார்கள். நன்றாகப் பழகிய குழு இதை 20 விநாடியில் முடிக்கிறது.

மேலமணக்குடியில் தலை நரைத்த ஒரு அண்ணாச்சி பின்னால் உட்கார்ந்து திருப்பியதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது. முதலில் துடுப்பைத் தள்ளி, காற்று பின்னால் வரும்படி படகை விலக்கினார். "எளக்கு மக்கா, எளக்கு!" தாமான் தளர்ந்தது. முன்பக்கம், அணியத்தில் இருந்த பையன் பருமலின் கீழ்முனைக் கட்டை அவிழ்த்து மரத்தடிக்கு இழுத்தான், பருமல் செங்குத்தாக நின்றது. அவ்வளவு நேரமும் அண்ணாச்சியின் இடது கட்டைவிரல் தாமான் மேலேயே இருந்தது, கயிறு நடுங்குவதை அந்த விரலால் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவன் தாமான் முனையோடு மரத்துக்கு முன்னால் சுற்றிப் போய் மறுபக்கம் வந்தான். பருமல் சாய்ந்தது, கட்டியாயிற்று, இழுத்தாயிற்று. பக்கத்து வள்ளத்தில் தாமான் முனை கைநழுவ, பாய் முன்னால் கொடி மாதிரி பறந்தது. அதைப் பிடிக்க மூன்று பேரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள், வள்ளம் தண்ணீர் குடித்தது. வேலை பிரிக்கும்போதே ஒருவன் நகராமல் நடுவில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு, அதற்காகவே இன்னொரு முறை போகலாம். நெத்திலி அவியல், மாங்காய் போட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து, மண்சட்டியில். கூட மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வேகவைத்தது. கிழங்கை உதிர்த்து அந்தக் குழம்பில் புரட்டி வாயில் வைத்தால் ஆட்டோக்காரரைக்கூட மன்னித்துவிடலாம். தட்டு 120 ரூபாய், கிழங்கு மறுமுறை கேட்டால் போட்டார்கள். போட்டிக்கு முன் இதைச் சாப்பிடாதீர்கள், கண் செருகும். முன்னால் இரண்டு மட்டி வாழைப்பழமும் ஒரு சொம்பு மோரும் போதும். பனை இறங்கும் காலமென்றால் அக்கானி (பதநீர்) கிடைக்கும், காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும்.

செலவு: மூங்கில், தார்ப்பாய், தையல், கயிறு, பலகை எல்லாம் சேர்த்து 6,000 ரூபாயில் முடிக்கலாம், நாலு பேருக்குத் தலைக்கு 1,500. பலகையும் கயிறும் அடுத்த முறைக்கும் உதவும். பாயைக் கழுவாமல் சுருட்டாதீர்கள், காயல் தண்ணீரின் உப்பு தையல் நூலை அரித்துவிடும். நுழைவுக் கட்டணத்தோடு மைக் செட்டுக்கும் பங்கு கேட்டால் ரசீது கேளுங்கள், பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வள்ளம் வாடகைக்கு எடுத்தால் முன்பணம் வாங்குவார்கள். ஏறும் முன் அடிப்பக்கம், விளிம்பு, முளை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து உரிமையாளரிடமும் காட்டுங்கள். பழைய கீறலுக்கெல்லாம் சாயந்திரம் உங்களிடம் கணக்கு வரும். முன்பணத்தை அன்றே கையில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும். நாளைக்கு ஜிபே பண்றேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.