திருவட்டாறு வாசலில் அப்பாவின் சட்டை

திருநெல்வேலியில் பஸ் ஏறி, காவல்கிணறு தாண்டி, முப்பந்தல் இசக்கியம்மனை ஜன்னல் வழியே கும்பிட்டுவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் காற்றே வேறாக இருக்கும். கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்த புதிதில் எனக்கு அந்தக் காற்று மட்டும்தான் தெரிந்தது. கோயில் வழக்கமும் அங்கேதான் மாறுகிறது என்பது, முதல்முறையாகச் சுசீந்திரத்துக்குப் போன அன்றுதான் புரிந்தது. செருப்பைக் கழற்றின கையோடு என் கணவரும் மாமாவும் சட்டையையும் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவும் இல்லை. டவுனில் நெல்லையப்பர் சந்நிதியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அப்பா நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கோயிலுக்கென்று தனியாக எடுத்து வைத்த சட்டை அது. சாமி முன்னால் நல்லபடியாக உடுத்தி நிற்பதுதான் எங்கள் ஊர் மரியாதை.

1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. ஊர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டன, கோயில்கள் பழைய முறையை விடவில்லை. சுசீந்திரத்திலும் கன்னியாகுமரி பகவதி கோயிலிலும் இன்றைக்கும் ஆண்கள் மேலே துணியில்லாமல்தான் உள்ளே போக வேண்டும். பூசை செய்கிறவரை இங்கே போத்தி என்பார்கள். பிரசாதத்தை அவர் நம் கையில் படாமல் போடுவார்.

எங்கள் பக்கத்திலும் இதே வழக்கம் உள்ள கோயில் ஒன்று உண்டு. திருச்செந்தூர். அங்கேயும் மூலவருக்குப் பூசை செய்வது போத்திகள்தான், அங்கேயும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அப்பா மாதச் சஷ்டி தவறாமல் செந்தூர் போகிறவர். சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, நான்கு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும்.

அந்த வருஷம்தான் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. கழுத்துக் குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரைக்கும் ஒரு கோடு. அது ஆறின பிறகு நாங்கள் ஒரு கோயிலுக்குப் போனோம். எந்தக் கோயில் என்பது வேண்டாம். வாசலில் அப்பா கொஞ்சம் தயங்கினார். சட்டைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே நின்ற ஓர் ஆள், "பெரியவரே, சட்டை! சட்டை! எத்தனை தடவை சொல்ல?" என்று கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு சட்டை கழற்ற வேண்டிய எந்தக் கோயிலுக்குள்ளும் அவர் போகவில்லை. செந்தூருக்கு எங்களோடு வந்தாலும் கடற்கரையில் நின்றே கும்பிடுவார். கேட்டால் "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

போன ஆவணியில் ஒரு வாரம் தங்கிப் போக நாகர்கோவிலுக்கு வந்திருந்தார். மாமாதான் ஆரம்பித்தார். "அத்தான், திருவட்டாறு ஆதிகேசவன நீங்க பாத்ததே இல்லயே. கும்பாபிஷேகம் ஆன பெறகு கோயில் அழகா இருக்கு. சாயங்காலம் கூட்டமே இருக்காது."

நானூறு வருஷத்துக்கும் மேலாக நடக்காமலிருந்து 2022 ஜூலை 6 அன்று நடந்த கும்பாபிஷேகம் அது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "வாரேன், வெளிய இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

தக்கலை, அழகியமண்டபம், அப்புறம் வேர்கிளம்பி. வழியெல்லாம் ரப்பர் மரம். காரில் மாமா பேசிக்கொண்டே வந்தார். "நம்ம ஊர்ல பெரியவங்களப் பாத்தா தோள்ல கெடக்க துண்ட எடுத்து இடுப்புல கெட்டுவோம்லா அத்தான்? சாமிக்கு முன்னாடி சட்டையக் கழத்துறதும் அதுதான்" என்றார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. அய்யனார் கோயில் கொடையில் எங்கள் தாத்தா அப்படித் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் இந்த மண்ணில் இருந்துகொண்டு அதோடு நிறுத்திவிட முடியாது. இதே தென் திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்று தடுக்கப்பட்டார்கள். அதற்காக அடிபட்டார்கள், பல வருஷம் போராடினார்கள். 1859-இல் மன்னர் உத்திரம் திருநாள் அறிக்கை விட்ட பிறகுதான் மார்பை மறைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் மட்டுமல்ல, இன்னும் எத்தனையோ சாதியார் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரம் செய்தது அன்றைக்குத்தான். 2024 டிசம்பர் கடைசி நாளில் நாராயண குரு நிறுவிய சிவகிரி மடத்துத் துறவி, சட்டையைக் கழற்றுவது பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம், அதை விட்டுவிட வேண்டும் என்று பேசினார். அப்போதைய கேரள முதல்வர் அதை ஆதரித்தார். நாயர் சமுதாயத் தலைமை, ஒவ்வொரு கோயிலின் ஆசாரமும் அந்தந்தக் கோயிலுக்கு உரியது என்று எதிர்த்தது.

எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். சட்டை இல்லாத வரிசையில் யார் பணக்காரர், யார் கூலிக்காரர் என்று சட்டென்று தெரியாது. ஆனால் மாமா சொன்ன மாதிரி அது துண்டை இடுப்பில் கட்டுகிற பணிவு என்றால், கட்டுகிறவர் தானாகக் கட்ட வேண்டும். ஒரு வயசாளியை வாசலில் வைத்து அதட்டிக் கழற்றச் சொல்வதில் சாமிக்கு என்ன மரியாதை இருக்கிறது?

திருவட்டாறில் நாங்கள் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோயில் மேட்டில் இருக்கிறது, படி ஏறித்தான் போக வேண்டும். ஏறி முடித்ததும் மாமாவும் என் கணவரும் வழக்கம்போல் சட்டையைக் கழற்றினார்கள். அப்பா நின்றார். வாசலில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் அப்பாவின் அருகில் வந்து, மற்றவர் காதில் விழாத குரலில், "மெதுவா வாங்க. நட சாத்த நேரம் இருக்கு" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா கொஞ்ச நேரம் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையை நான்காக மடித்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குழந்தையைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

வெளிப் பிராகாரம் நீளமானது. தூணுக்குத் தூண் கையில் விளக்கேந்திய கல் பாவைகள். உள்ளே போகப் போக மின்விளக்கு குறைந்து எண்ணெய் விளக்குதான் வெளிச்சம். அந்த மங்கலில் எங்களுக்கு முன்னே நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் முதுகு முழுக்க வெண்புள்ளி. ஒருவர் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார். விலா எலும்பு தெரிகிற ஒரு பையன் அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டான். ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை.

ஆதிகேசவப் பெருமாள் இருபத்திரண்டு அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். மூலிகையும் பிசினும் சேர்த்த கடுசர்க்கரைக் கலவையால் செய்த திருமேனி. ஒரே பார்வையில் அடங்க மாட்டார். மூன்று வாசல் வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். நம்மாழ்வார் 'வாட்டாற்றான்' என்று பாடியது இவரைத்தான். திருமுகம் தெரிகிற வாசலில் அப்பா சட்டையை மார்போடு அழுத்தியபடி ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடு வாசலில் கண்ணை மூடி நின்றார். திருவடி வாசலில் போத்தி விளக்கைத் தூக்கிக் காட்டினார். அந்தச் சுடர் பாதத்தில் பட்டதும் அப்பாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. மடித்த சட்டை கீழே விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

வாழையிலைத் துண்டில் சந்தனம் கிடைத்தது. நெற்றியில் இட்டுக்கொண்ட பிறகு, பக்கத்தில் நின்றவர்கள் புயத்திலும் மார்பிலும் இட்டுக்கொள்வதை அப்பா பார்த்தார். அவரும் இட்டுக்கொண்டார். புயத்தில் ஒன்று, மார்பு நடுவில் அந்தக் கோட்டின் மேலேயே ஒன்று. வெளியே வந்து வெகு நேரம் கழித்துத்தான் சட்டையைக் கேட்டார்.

மறுநாள் திருவனந்தபுரம். அதை அவரே கேட்டார். பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் நம் மதுரைப் பக்கத்துக் கோயிலோ என்று தோன்றும். உள்ளே கால் வைத்தால் முழுக்க மலையாள முறை. அங்கே ஆணுக்கு எவ்வளவு கட்டுப்பாடோ அவ்வளவு பெண்ணுக்கும் உண்டு. சேலை, முண்டும் (வேட்டி மாதிரி இடுப்பில் சுற்றுவது) நேரியதும் (மேலே போடுவது), பாவாடை தாவணி இதெல்லாம் சரி. என் மகள் சுடிதாரில் வந்திருந்தாள். 2016 நவம்பரில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாரோடு வரலாம் என்று உத்தரவு போட்டார். அடுத்த மாதமே, ஆசாரத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று கேரள உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் சுடிதாருக்கு மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். குருவாயூரில் 2007-லேயே சுடிதாருக்கு வழிவிட்டார்கள். அதுவும் கேரளம்தான், அதுவும் மகாவிஷ்ணுதான்.

"திருப்பதில இதே டிரஸ்ஸோடதானே போனோம்?" என்று மகள் கேட்டாள். உண்மைதான். துப்பட்டா போட்ட சுடிதார் திருமலையில் சம்பிரதாய உடைதான். அங்கே கல்யாண உற்சவம் போன்ற சேவைக்கு ஆண்கள்தான் வேட்டி அங்கவஸ்திரத்தைத் தேடுவார்கள். நம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் ஒரே உடை விதி வேண்டும் என்று மதுரையில் ஒரு நீதிபதி உத்தரவிட்டு 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது, சில நாட்களிலேயே அதற்குத் தடையும் வந்தது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு முறை இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே சட்டம் எப்படிப் பொருந்தும் என்றுதான் எனக்கு அப்போதும் தோன்றியது.

இருந்தாலும் பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அந்த வாசலில் கண் கலங்கிவிட்டது. வாடகைக்கு வாங்கின முண்டு நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. எனக்கும் கட்டிவிடத் தெரியவில்லை. அப்பா அதற்குள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். "இங்க வாட்டி, தாத்தா அறுபது வருஷமா கட்டுதேன்" என்று அவளை அழைத்து, முன்னால் குனிந்து நின்று, கொசுவத்தை மடித்து, இறுக்கிச் செருகிவிட்டார். அவள் அவருடைய மார்பைப் பார்த்தாள். "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டாள். "இல்லம்மா. நட, கூட்டம் வருது" என்றார்.

பத்மநாபனையும் மூன்று வாசலில் பார்த்தோம். கூட்டம் தள்ளியதில் நின்று கும்பிட முடியவில்லை. அப்பா அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

வாரக் கடைசியில் ஊருக்குக் கிளம்பினார். வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி நிற்கிற பக்கம் நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அப்பா நின்றுவிட்டார்.

"திருச்செந்தூர் பஸ் எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டார். "நாளைக்குச் சஷ்டி."